மாலை வகுப்பில் இயந்திரவியல்: வேலையோடு முதுநிலைப் பட்டம் பயின்ற மூன்றரை ஆண்டுகள்

முதல் மாலை வகுப்பில் என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு காற்புள்ளி. 2017 ஆகஸ்ட் மாதம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில், திண்மப் பொருள்களின் இயக்கவியல் குறித்த வகுப்பு மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. பேராசிரியர் பலகையில் சிக்மா என்ற கிரேக்க எழுத்தை எழுதி, அதன் காலடியில் ஐ, ஜே என்று இரண்டு சிறிய எழுத்துகளைப் போட்டு, பிறகு ஒரு காற்புள்ளியும் அதற்கடுத்து மீண்டும் ஒரு ஜேயும் எழுதினார். அதனுடன் ஒரு விசையைக் கூட்டி, சுழியத்துக்குச் சமம் என்று முடித்துவிட்டு அடுத்த கருத்துக்குச் சென்றுவிட்டார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதிக்கொண்டேன். அந்தக் காற்புள்ளி அங்கே எதற்காக நிற்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

அது நிறுத்தற்குறி அன்று. தனக்குப் பின்னால் வரும் எழுத்து குறிக்கும் திசையில் பகுதி வகையீடு செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் மூன்று திசைகளுக்கும் மதிப்பிட்டுக் கூட்ட வேண்டும் என்பது அதனுடன் சேர்ந்து வரும் இன்னொரு உடன்பாடு. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு அந்த ஒற்றை வரியைப் பிரித்தால், உள்ளே மூன்று சமன்பாடுகள் இருக்கும். ஒரு பொருள் அசையாமல் நிற்க வேண்டுமானால் அதன் ஒவ்வொரு சிறு துண்டிலும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும் என்று, பதினேழு வயதில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் படித்த அதே விதியைத்தான் அந்த மூன்றும் சொல்கின்றன. இதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் வகுப்பு நெடுந்தூரம் போயிருந்தது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அலுவலகக் கட்டடங்களின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தேன். நீரைக் குளிர்விக்கும் சில்லர், அந்த நீரை ஓட்டும் பம்ப், வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவர் ஆகியவற்றின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடும் அளவுக்கு அனுபவம் இருந்தது. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலைத் தாண்டி ஒரு கணக்கையும் நான் போட்டதில்லை, தேவைப்பட்டதும் இல்லை. வேலை செய்துகொண்டே முதுநிலைப் படிப்பில் சேர நினைக்கும் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இயந்திரவியல் முதுநிலைப் பட்டத்தைப் பகுதிநேரமாகப் பயிலலாம். நான் சேர்ந்த முதலாவதில் 40 பாட அலகுகளை முடிக்க வேண்டும். பெரும்பாலான பாடங்கள் நான்கு அலகுகள் கொண்டவை. ஒரு பருவத்தில் 13 வாரங்கள் பாடம் நடக்கும். நடுவில் ஒரு வாரம் இடைவேளை, தேர்வுக்கு முன்னால் படிப்பதற்கென ஒரு வாரம். தாளில் பார்க்கும்போது இது எளிதாகத் தோன்றும். வாரத்துக்கு இரண்டு மாலைகள்தானே என்று நானும் எண்ணினேன். வகுப்பில் அமரும் மூன்று மணி நேரத்துக்கு வீட்டில் குறைந்தது ஆறு மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதைச் சேர்ந்த பிறகுதான் உணர்ந்தேன். இரண்டு பாடங்கள் என்றால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். முழுநேர வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு அதுவே உச்ச வரம்பு என்பது என் உறுதியான கருத்து. கணக்கு மிகுந்த பாடங்கள் இரண்டை ஒரே பருவத்தில் எடுக்கவே கூடாது. நான் ஒருமுறை அப்படி எடுத்து, ஒன்றைப் பருவத்தின் நடுவில் கைவிட நேர்ந்தது.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் மடிக்கணினி வாங்குவதிலும் எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது என்று விசாரிப்பதிலும் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்த மூன்று மாதங்களை முழுவதும் கணிதத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன். எல்லாக் கணிதமும் வேண்டியதில்லை. பகுதி வகையீடு, சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், அவற்றின் ஐகன் மதிப்புகள், வெக்டர் நுண்கணிதம், கட்டுப்பாட்டியல் எடுப்பவர்களுக்கு லாப்லாஸ் உருமாற்றம் ஆகியவை போதும். இவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால், வெக்டர் நுண்கணிதத்தில் வரும் காஸ் தேற்றத்தைப் படியுங்கள். ஒரு மூடிய பரப்பின் வழியாக மொத்தமாக வெளியேறும் அளவும், அந்தப் பரப்புக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் உருவாகும் அளவைத் திரட்டிய மொத்தமும் சமம் என்று அது சொல்கிறது. வெப்பம் கடத்தப்படுவதும், திரவம் ஓடுவதும், திண்மப் பொருளில் விசை பரவுவதும் மூன்று தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்பட்டாலும், மூன்றின் அடிப்படைச் சமன்பாடுகளும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. இது பிடிபட்ட நாளிலிருந்து புதிய பாடங்களின் முதல் வாரங்கள் எனக்கு அச்சம் தரவில்லை.

முதல் பருவத்தில் பட்ட சிரமத்துக்குப் பிறகு, டிசம்பர் விடுமுறையின் சனிக்கிழமைகளில் ஜூரோங் வட்டார நூலகத்தில் அமர்ந்து இவற்றையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். திரையில் பார்ப்பதைவிடக் காகிதத்தில், கையால், ஒரு வரியையும் தாவாமல் எழுதிப் பார்ப்பதே பயன் தந்தது. விடை நூலில் இருக்கிறது என்பதால் கண்ணால் ஓட்டிவிட்டுப் புரிந்தது என்று நம்பிவிடுவது, நீண்ட இடைவெளிக்குப் பிறகு படிக்க வருபவர்களுக்கு எளிதில் ஏற்படும் பழக்கம்.

நேரத்தைப் பற்றி இன்னும் ஓரிரு செய்திகள். எங்கள் அலுவலகம் ஜூரோங் ஈஸ்ட்டில் இருந்தது. ஐந்து மணிக்குக் கிளம்பி, பெருவிரைவு ரயிலில் புவன விஸ்தா வந்து, வட்டப் பாதைக்கு மாறி, கென்ட் ரிட்ஜில் இறங்கி, வளாகப் பேருந்தைப் பிடித்தால் சரியாக ஆறு மணிக்கு வகுப்பில் இருக்கலாம். சேரும் முன்பே மேலாளரிடம் பேசி, வகுப்பு உள்ள நாள்களில் ஐந்து மணிக்குக் கிளம்பவும், அதற்கு ஈடாகக் காலை முன்னதாக வரவும் மின்னஞ்சலில் ஒப்புதல் பெற்றுக்கொண்டேன். வாய்மொழி ஒப்புதல், ஒரு கட்டடத்தில் சில்லர் நின்றுபோன முதல் மாலையிலேயே மறக்கப்பட்டுவிடும். ஆகஸ்ட்டில் தொடங்கும் பருவத்தின் கடினமான வாரங்கள் தீபாவளியை ஒட்டி வருவதையும் நம்மவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். 2018-இல் தீபாவளி நவம்பர் 6-இல் வந்தது. எனக்கு இரண்டு ஒப்படைப்புகளும் அதே வாரத்தில் வந்தன. தேக்காவுக்குத் துணி எடுக்கப் போகும் வேலையிலிருந்து உறவினர் வீடுகளுக்குச் செல்வது வரை எல்லாவற்றையும் என் மனைவி தனியாகச் சுமந்தார். அது தற்செயலாக நடந்திருக்கக் கூடாது. பருவத்தின் முதல் வாரத்திலேயே நாள்காட்டியை நடுவில் வைத்து இருவரும் பேசியிருக்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டுகளில் அப்படித்தான் செய்தோம்.

இனி, இந்தப் படிப்பு எனக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இரண்டாம் ஆண்டில் நடந்தது. ஃபைனைட் எலிமென்ட் முறை என்பது ஒரு பொருளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சமன்பாடுகளைத் தோராயமாகத் தீர்த்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து விடை காணும் முறை. எங்களுக்குத் தரப்பட்ட ஒப்படைப்பில், ஆங்கில எல் எழுத்தின் வடிவிலான ஓர் எஃகுத் தாங்கி இருந்தது. மேல் முனை சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது, கீழ்க் கையின் நுனியில் சுமை தொங்குகிறது, மிகப் பெரிய தகைவு எங்கே எவ்வளவு என்று காண வேண்டும். தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை. கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை ஒரு மதிப்பில் நிலைகொள்ள வேண்டும். அப்படி நிலைகொண்டால்தான் அதை நம்பலாம் என்பது பாடம்.

கட்டத்தின் அளவு 8 மில்லிமீட்டராக இருந்தபோது உள்மூலையில் 118 மெகாபாஸ்கல் வந்தது. 4 மில்லிமீட்டரில் 158. 2 மில்லிமீட்டரில் 215. இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டி, சமையலறை மேசையில் மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டிருக்க, 1 மில்லிமீட்டர் கட்டத்துக்கு 293 வந்தது. மிக நுண்ணிய கட்டமே மிகச் சரியான விடையைத் தரும் என்று நம்பி, சாதாரண எஃகின் நெகிழ்வு வரம்பான 250 மெகாபாஸ்கலை இது மீறுகிறது, ஆகவே தாங்கி தாங்காது என்று எழுதி ஒப்படைத்தேன். வண்ணப் படமும் மிக அழகாக வந்திருந்தது. திரும்பி வந்த தாளில் மதிப்பெண் குறைவாகவும், ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியும் இருந்தன: அரை மில்லிமீட்டரில் என்ன வரும்?

போட்டுப் பார்த்தேன். 401 வந்தது. கட்டத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் தகைவு சுமார் 36 விழுக்காடு ஏறிக்கொண்டே இருந்தது. நிற்கும் அறிகுறியே இல்லை.

அந்த வார இறுதியில் அப்பாவைப் பார்க்க ஈசூனுக்குப் போயிருந்தேன். அப்பா முப்பது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்தவர். முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சங்கதி என்று கேட்டார். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கியபோதுதான், எனக்குச் சொற்கள் மட்டுமே தெரிந்திருந்தன, பொருள் தெரிந்திருக்கவில்லை என்பது புலப்பட்டது. கட்டம் என்றால் என்ன, தகைவு என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்கி, கடைசியில் ஒரு காகிதத்தில் தாங்கியின் படத்தை வரைந்து காட்டினேன். அப்பா விரலை உள்மூலையில் வைத்தார். "மூலையை இப்படிக் கூரா விட்டா அங்கதானேய்யா வெடிக்கும். நாங்க தகட்டுல ஓட்டை போட்டா மூலையை வளைச்சுத்தான் வெட்டுவோம். ஃபோர்மன் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றார்.

விடை அதுதான். மீள்தன்மைக் கோட்பாட்டின்படி, ஆரமே இல்லாத ஒரு கூரிய உள்மூலையில் தகைவுக்கு எல்லை கிடையாது. மூலையை நெருங்க நெருங்க அது எந்த விகிதத்தில் உயரும் என்பதை 1952-இல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். மூன்று கால் பங்கு எஃகும் ஒரு கால் பங்கு வெளியுமாக உள்ள மூலையில், தூரத்தைப் பாதியாக்கினால் தகைவு ஏறக்குறைய 37 விழுக்காடு கூடும். என் எண்கள் தவறானவையே அல்ல; இல்லாத ஒரு விடையை நோக்கி அவை மிகச் சரியாக ஏறிக்கொண்டிருந்தன. உண்மையான எஃகில் அப்படிப்பட்ட மூலை இருக்காது, அச்சு வார்ப்பிலோ வெட்டிலோ சிறு வளைவு வந்தே தீரும். மூலைக்கு 5 மில்லிமீட்டர் ஆரம் கொடுத்து மீண்டும் கணக்கிட்டபோது விடை 171, 175, 176 என்று வந்து நின்றது. தாங்கி தாங்கும்.

அப்பா சொன்ன நடைமுறைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தகட்டில் உள்ள துளையும் கூர்முனையும் தகைவை எப்படிப் பெருக்குகின்றன என்பதை 1913-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிலிஸ், கப்பல் கட்டுமானப் பொறியாளர்கள் கூடிய அவையில்தான் எடுத்துரைத்தார். வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும்; துளை நீண்டு முனை கூராகக் கூராக அது பலமடங்காகும் என்பது அவர் தந்த சூத்திரத்திலிருந்து தெரியும். இருந்தும், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்கள் பலவற்றில், சரக்கு இறக்கும் திறப்புகளின் சதுர மூலைகளிலிருந்து விரிசல்கள் கிளம்பின. குளிரில் அந்த எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்ததால், ரிவெட் அடித்த கப்பலைப் போலத் தகட்டின் விளிம்போடு விரிசல் நிற்காமல் ஓடிக்கொண்டே போனது. பிறகுதான் அந்த மூலைகள் வளைக்கப்பட்டன. அப்பாவின் ஃபோர்மன் முதல் நாளில் சொல்லிக்கொடுத்தது இந்தப் படிப்பினையைத்தான்.

இதிலிருந்து நான் கைக்கொண்ட பழக்கங்கள் இரண்டு. மென்பொருளைத் திறக்கும் முன், நேர்க்கோட்டு உத்திரமாக எண்ணியாவது ஒரு தோராயமான விடையைக் கையால் போட்டு எழுதி வைத்துவிடுவேன். இரண்டாவதாக, புதிதாகக் கற்ற எதையும் வார இறுதியில் அப்பாவிடமோ மனைவியிடமோ தமிழில் சொல்லிப் பார்ப்பேன். தகைவு, திரிபு, பாகுநிலை, வெப்பக் கடத்துதிறன் என்று நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஆனால் நான் சொல்ல வருவது கலைச்சொல் பற்றியது மட்டுமன்று. பாடத்தைக் கேட்ட மொழியிலேயே திருப்பிச் சொல்லும்போது, கேட்ட வாக்கியங்களே நமக்காகப் பேசிவிடும். வேறு மொழியில் சொல்ல முற்படும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் நாமே உருவாக்க வேண்டியிருக்கும். புரியாத இடம் உடனே தட்டுப்படும். இரு மொழிகளோடு வளர்ந்த நமக்குக் கையில் இருக்கும் இந்த வசதியைப் படிப்புக்குப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

இரண்டாவது நிகழ்ச்சி என் ஆய்வுத் திட்டம் தொடர்பானது. ஆய்வுத் திட்டம் கட்டாயமில்லை. அதற்குப் பதிலாகக் கூடுதல் பாடங்களை எடுத்தும் பட்டம் பெறலாம். வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பாடங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் ஆய்வையே பரிந்துரைப்பேன், ஆனால் கேள்வி உங்கள் வேலையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். நான் ஒரு கட்டடத்தின் சில்லர் அறையை எடுத்துக்கொண்டேன். 2019 ஜூலை முதல் டிசம்பர் வரை, நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான அளவீடுகளைத் திரட்டினேன்; சுமார் 2,60,000 வரிசைகள்.

திரட்டி முடித்த பிறகு கட்டடத்தின் உரிமையாளர் நிறுவனம், அந்தத் தரவைப் பயன்படுத்த அனுமதி மறுத்துவிட்டது. என் திரையில் தினமும் ஓடும் எண்கள் என்பதால் அவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நான் எண்ணியிருந்தேன். அவை அவர்களுடைய சொத்து. கேட்காமல் தொடங்கியது என் தவறு. கட்டடத்தின் பெயர், இடம், வாடகைதாரர்கள் எவரும் அடையாளம் காணப்படாதவாறு எழுதுவேன், இறுதி அறிக்கையை முன்கூட்டியே காட்டுவேன் என்று எழுத்தில் உறுதியளித்து ஒப்புதல் பெறுவதற்குள் மூன்று மாதங்கள் போயின. தரவின் முதல் வரியைப் பதிவிறக்கும் முன்பே இந்த ஒப்புதலைக் கையில் வாங்கி வைத்திருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் வந்த சில நாள்களில், 2020 ஏப்ரல் 7-இல், கொவிட்டுக்கான அதிரடித் திட்டம் நடப்புக்கு வந்தது. அலுவலகங்கள் காலியாயின. வகுப்புகள் இணையத்துக்குச் சென்றன. கட்டடப் பராமரிப்பு அத்தியாவசியச் சேவை என்பதால் நாங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கட்டடத்தில் ஆள்கள் இல்லாவிட்டாலும் கணினி அறைகளுக்காக ஒரு சில்லர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலி வாரங்களின் தரவுதான் என் ஆய்வுக்கு உயிர் கொடுத்தது.

சில்லரின் திறனைக் கணக்கிடும் முறை எளியது. குளிர்ந்த நீர் எவ்வளவு ஓடுகிறது, போகும்போதும் திரும்பும்போதும் அதன் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து பெருக்கினால், அகற்றப்பட்ட வெப்பம் கிடைக்கும். விநாடிக்கு 100 லிட்டர் ஓட்டம், 5 டிகிரி வேறுபாடு என்றால் 2,095 கிலோவாட். குளிரூட்டும் அளவைக் குறிக்கும் அலகான ஒரு குளிர்பதன டன் 3.517 கிலோவாட் ஆகையால், ஏறக்குறைய 596 டன். சில்லர் உண்ணும் மின்சாரம் 330 கிலோவாட் என்றால், டன்னுக்கு 0.55 கிலோவாட். இந்த எண்ணை வைத்துத்தான் ஓர் இயந்திர அறையின் தரம் இங்கே மதிப்பிடப்படுகிறது; எண் குறைந்தால் தரம் உயர்வு. கட்டட, கட்டுமான ஆணையம் 2005-இல் தொடங்கிய, பசுமைக் கட்டடங்களுக்குச் சான்றளிக்கும் கிரீன் மார்க் திட்டமும் இதைக் கேட்கிறது; எப்படித் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பதற்கு எஸ்எஸ் 591 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது.

அளவீட்டைச் சரிபார்க்க ஓர் அழகான வழி உண்டு. கட்டடத்திலிருந்து எடுத்த வெப்பமும் மின்சாரமாக உள்ளே போனதும் சேர்ந்து, சில்லர் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதியான கன்டென்சர் வழியாகக் கூலிங் டவருக்குப் போயாக வேண்டும். இரு பக்கமும் 5 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும், பதிவுகளில் குறைந்தது 80 விழுக்காடாவது அப்படி இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கட்டடத்தில் முழுச் சுமையின்போது வேறுபாடு 5.2 விழுக்காடு அளவில், எல்லையை ஒட்டியே நின்றது. நீரோட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் சற்றுப் பிசகியிருக்கலாம் என்று மூன்று மாத அறிக்கைகளில் நானே எழுதியிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஏப்ரல் மாதத் தரவில் அந்த வேறுபாடு 12.6 விழுக்காடு. நிலைமை மோசமாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, விழுக்காட்டை விட்டுவிட்டு, வேறுபாட்டைக் கிலோவாட்டிலேயே வரைந்து பார்த்தேன். முழுச் சுமையில் 2,425 கிலோவாட் இருக்க வேண்டிய இடத்தில் 2,551. காலி வாரங்களில் 998 இருக்க வேண்டிய இடத்தில் 1,124. இரண்டிலும் வேறுபாடு 126 கிலோவாட். சுமை பாதிக்கும் கீழே இறங்கியும் அந்த எண் ஏறக்குறைய அசையவே இல்லை. ஃப்ளோ மீட்டர் ஒரு விகிதத்தில் தவறாகக் காட்டினால், சுமை குறையும்போது பிழையும் குறைந்திருக்க வேண்டும். மாறாமல் நிற்கும் பிழை என்றால், ஏதோ ஒரு வெப்பநிலை எப்போதும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டப்படுகிறது என்று பொருள். எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன்: 0.3 டிகிரி.

மறுநாள் காலை டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சில்லர் அறைக்குப் போனேன். திரும்பிவரும் நீர்க் குழாயின் சென்சார் பொருத்தப்பட்டிருந்த இடத்தில், குழாயைச் சுற்றியிருந்த காப்புறை பிளந்து, ஈரத்தில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. சென்சாரை வெளியே எடுத்தேன். அது அமர்ந்திருந்த தெர்மோவெல் குழியில் வெப்பத்தைக் கடத்துவதற்கான பசை காய்ந்து பொடியாகியிருந்தது. சென்சார் அடிவரை இறங்காமல் பாதியில் நின்றிருக்கிறது. அறையின் 33 டிகிரி வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து டிகிரியை 5.3 என்று அது காட்டியதால்தான், 0.55 ஆக இருக்க வேண்டிய எண், எங்கள் அறிக்கைகளில் 0.52 என்று உயர்ந்த தரமாகத் தெரிந்தது. காலி வாரங்களில் இரண்டு டிகிரியை 2.3 என்று காட்டியிருக்கிறது. யாருமே இல்லாத கட்டடத்தின் திறனை அறிக்கை உள்ளதைவிட இன்னும் அதிகமாக உயர்த்திக் காட்டியிருக்கும்.

குழியைச் சுத்தம் செய்து, பசையிட்டு, சென்சாரை அடிவரை இறக்கி, காப்புறையைப் புதிதாகச் சுற்றினோம். முக்கால் மணி நேர வேலை. எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குழாயைக் கடந்து போயிருக்கிறேன். எண்களைப் படிப்பதற்கும் ஓர் எண்ணுக்குப் பொறுப்பேற்பதற்கும் உள்ள தூரத்தை அந்த அறையில் நின்றபோது உணர்ந்தேன். பட்டத்துக்காகச் செலவிட்ட மாலைகள் எல்லாம் எனக்கு அந்தத் தூரத்தைக் கடக்கக் கற்றுக்கொடுத்தவை என்றே கருதுகிறேன்.

சில சிறு குறிப்புகளும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளை முதல் வரியிலிருந்து வாசிக்க முயன்று பல இரவுகளை இழந்தேன். படங்களையும், குறியீட்டு விளக்கத்தையும், எல்லை நிபந்தனைகளையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு தேவையானால் மட்டும் முழுவதையும் வாசிப்பது நல்லது. நிரல் எழுத உதவும் பைத்தானையோ மேட்லேபையோ ஒன்றைச் சேரும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். 2,60,000 வரிசைகளை எக்செலில் இழுத்துக்கொண்டிருக்க முடியாது. நிறுவனம் கட்டணத்தை ஏற்க முன்வந்தால், பட்டம் பெற்ற பிறகு எத்தனை ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முழுநேரமாகப் பயில வந்திருக்கும் இளைய மாணவர்களோடு குழுவாகச் சேரத் தயங்க வேண்டாம். கணக்கில் அவர்கள் வேகமானவர்கள்; பம்ப் உண்மையில் எப்படி ஓடும் என்பது நமக்குத் தெரியும்.

2020 டிசம்பரில் ஆய்வறிக்கையை ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் குழுவின் மாத அறிக்கையில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தோம். சென்சார்கள் இரண்டும் தலா 0.05 டிகிரிக்குள், ஃப்ளோ மீட்டரும் மின்மானியும் தலா 1 விழுக்காட்டுக்குள் சரி என்று கொண்டால், 0.55 என்ற எண் மேலும் கீழும் 0.01 வரை விலகலாம், அந்த 0.01-ஐ அந்தப் பத்தியில் எழுதுகிறோம். சுமை குறைந்த மாதங்களில் அது கூடும், கூடியதை அப்படியே எழுதுகிறோம். புதிய கட்டட உரிமையாளர்கள் அந்தப் பத்தி எதற்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். விளக்கக் கால் மணி நேரம் பிடிக்கிறது. அவர்களைச் சில்லர் அறைக்கு அழைத்துப் போய், திரும்பிவரும் குழாயின் அருகில் நின்றபடியே விளக்குகிறேன்.